மூன்று மானிட்டர், ஒரு நாற்காலி

கோடம்பாக்கத்தில் நான் எடுபிடியாக வேலைக்குச் சேர்ந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் திரை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பின்னணி இசை சேர்ப்பதற்கு முன்னால் ரீலை ஒருமுறை வெறுமனே ஓட்டிக் காட்டுவார்கள். ஆயிரம் அடி ரீல், பதினோரு நிமிஷம் ஓடும். வயலின்காரர்கள் வில்லை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். தபேலாக்காரர் பார்ப்பார். டீ கொண்டுவந்த பையனும் தட்டோடு நின்று பார்ப்பான். சோகக் காட்சி வந்தால் கூடம் முழுக்கச் சத்தம் அடங்கிவிடும். அப்புறம்தான் நோட்ஸ் எழுதுவது, பிரதி எடுப்பது, ஸ்டாண்டு ஸ்டாண்டாகக் கொண்டுபோய் வைப்பது எல்லாம். பிரதியை வைக்கும் வேலை என்னுடையது.

திரையின் அடியில் அடிக்கணக்கு எண்கள் ஓடும். ஒரு செகண்டுக்கு 24 பிரேம், ஒரு நிமிஷத்துக்கு 90 அடி. கதாநாயகி கதவைத் திறப்பது எத்தனையாவது அடியில் என்று ஒருவர் குறித்துக்கொள்வார். புரொஜக்டர் அறையில் ஒருவர், காந்தப் படச்சுருளை ஓட்டும் மெஷினில் ஒருவர், கன்சோலில் என்ஜினீயர், அவருக்குப் பக்கத்தில் உதவியாளர். கண்டக்டர் திரையைப் பார்ப்பார், ஐம்பது பேர் கண்டக்டரைப் பார்ப்பார்கள். இளையராஜா பிரசாத் ஸ்டுடியோவில் ரீலை ஒருமுறை பார்த்துவிட்டு எல்லா வாத்தியங்களுக்கும் மளமளவென்று எழுதித் தந்துவிடுவார் என்று எங்கள் கூடத்திலும் வியப்போடு பேசிக்கொள்வார்கள். அவ்வளவு பேருக்கும் அந்த ஒரே படம், ஒரே சுவரில்.

இன்று என் ஊரான ஆரம்பாக்கத்தில் வீட்டின் பின்கட்டு அறையில் நான் ஒருவன் உட்கார்ந்திருக்கிறேன். என் முன்னால் மூன்று மானிட்டர்.

இடதுபக்க மானிட்டரில் படம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்க்கும் பையன்கள் செல்போனில் எடுத்த குறும்படங்கள்தான் பெரும்பாலும். நடுவில் டிராக்குகள், ஒன்றன் கீழ் ஒன்றாக இடமிருந்து வலமாக ஓடுபவை. வலதுபக்கம் மிக்ஸரும் ஒலியைத் திருத்தும் பிளக்-இன்களும். பல கூடங்களிலும் ஏற்பாடு ஏறக்குறைய இதுதான். புரோ டூல்ஸ் போன்ற மென்பொருள்கள் எடிட் ஜன்னலையும் மிக்ஸ் ஜன்னலையும் தனித்தனியாக வைத்திருப்பதால், ஒரே திரையில் வேலை செய்பவர் அதற்கும் இதற்கும் தாவிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது திரை வந்தால் தாவல் நின்றுவிடும். வேலைக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது ராத்திரி முழுக்க மிக்ஸிங் செய்பவருக்குத்தான் தெரியும்.

ஆனால் கோடம்பாக்கத்தை நினைத்துக்கொண்டு இந்த மூன்றையும் பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. இடதுபக்கம் இருப்பது புரொஜக்டர்காரரின் இடம், அடிக்கணக்கு எழுதியவரின் இடம். நடுவில் டேப் மெஷின்காரரும் எடிட்டரும் இருந்த இடம். வலதுபக்கம் என்ஜினீயரும் உதவியாளரும். ஒவ்வொரு மானிட்டரும் ஓர் ஆள் எழுந்துபோன நாற்காலியின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆட்கள் இருந்த காலத்தில் ஒரு திரை போதுமாக இருந்தது. ஆள் இல்லாமல் போன பிறகு மூன்று தேவைப்படுகிறது. இந்த விந்தையை எவ்வளவு யோசித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

இதைப் புலம்பலாகச் சொல்லவில்லை. அந்தப் பெரிய கூடத்துக்குள் எங்கள் ஊர்க்காரர் யாரும் பாடகராகக் கால் வைத்ததில்லை. ஒரு மணிநேர வாடகைகூட எங்களால் கொடுத்திருக்க முடியாது. இந்த மூன்று மானிட்டர் அறைக்குள் மீனவர் குப்பத்து ஆட்களும் லாரி டிரைவரும் ஊதுலையில் வேலை பார்க்கும் தொழிலாளியும் வந்து பாடிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அந்தக் கூடமும் பெரிது, இந்த அறையும் பெரிது.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1986-இல் வந்த புன்னகை மன்னன் படப் பாடல்களுக்கு இளையராஜா கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினார் என்ற செய்தி கோடம்பாக்கம் முழுக்கப் பரவியது. அதற்கு முந்தைய வருஷம்தான் அடாரி எஸ்.டி. என்ற கம்ப்யூட்டர் வெளிநாட்டுச் சந்தைக்கு வந்திருந்தது. கீபோர்டை இணைக்கும் மிடி சாக்கெட் அதன் உடம்பிலேயே இருந்தது. கூடவே பன்னிரண்டு அங்குல கறுப்பு வெள்ளை மானிட்டர். 1989-இல் அந்த அடாரிக்கு க்யூபேஸ் என்ற மென்பொருள் வந்தது. இசையை இடமிருந்து வலமாக ஓடும் பட்டைகளாக அது காட்டியது. இன்றைக்கு நான் பார்க்கும் நடுத்திரை அந்தப் பன்னிரண்டு அங்குலத்தின் பேரப்பிள்ளை.

அதே 1989-இல்தான் கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரஹ்மான் தன் வீட்டின் பின்புறம் பஞ்சதன் ரெக்கார்ட் இன் கூடத்தைக் கட்டினார். 1992-இல் அவர் இசையில் ரோஜா படம் வந்தது. வீட்டுக் கூடத்திலிருந்து அப்படி ஒரு ஒலி வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. எங்களைப் போன்ற எடுபிடிகள் அந்தப் படத்துப் பாட்டுகளை வேறுவிதமாகக் கேட்டோம். இனி ஐம்பது பேர் ஒரே நேரத்தில் கூட வேண்டியதில்லை என்பது எங்களுக்கு அதில் கேட்டது. வீட்டிலேயே கூடம் வைக்கலாம் என்பதும் கேட்டது. நான் ஊருக்குத் திரும்பி வந்ததற்கு அந்தப் பாட்டுகளும் ஒரு காரணம்.

வந்து முதலில் வாங்கியது நாலு டிராக் கேசட் ரெக்கார்டர். அதில் திரையே கிடையாது. சத்தத்தின் அளவைக் காட்டச் சின்னச் சின்ன விளக்குகள் மட்டும். ஆடி மாசத்துக்கு அம்மன் பாட்டு, கார்த்திகைக்கு ஐயப்பன் பாட்டு, டிசம்பரில் தேவாலயப் பாடல்கள். மூன்று டிராக்கில் ஆர்மோனியம், டோலக், தாளம் பதிந்து, அவற்றைக் கலந்து நாலாவதில் ஏற்றிவிட்டு, முதல் மூன்றை அழித்துவிட்டுக் குரலைப் பதிய வேண்டும். ஏற்றிய பிறகு டோலக்கைக் குறைக்கவோ ஆர்மோனியத்தைக் கூட்டவோ வழியில்லை. அதனால் ஏற்றுவதற்கு முன்னால் எல்லாரும் தரையில் சுற்றி உட்கார்ந்து கேட்போம். “டோலக்கு தூக்கலா கீதுப்பா” என்று ஆர்மோனியக்காரர் சொல்வார். “உன் பொட்டி மட்டும் இன்னாவாம்” என்பார் டோலக்காரர். வாக்குவாதம் முடிந்த பிறகுதான் பொத்தானை அழுத்துவது. பார்ப்பதற்கு எதுவும் இல்லாததால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு பழைய கம்ப்யூட்டர் ஒன்று வந்தது, பதினாலு அங்குலக் குழாய் மானிட்டரோடு. அந்தக் குழாய்க்குத் தனிக் குணங்கள் உண்டு. அதே குழாய் டி.வி.யில் இருந்தால் விசில் அடிக்கும். நம் நாட்டுக் குழாய் டி.வி. செகண்டுக்கு 25 படம், படத்துக்கு 625 கோடு என்று ஓடியதால் 15,625 ஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய கீச்சொலி. பெரியவர்களின் காதுக்கு எட்டாது, பிள்ளைகள் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். கம்ப்யூட்டர் மானிட்டரின் வேகம் அதைவிட இரண்டு மடங்கு என்பதால் விசில் காதுக்கு எட்டாமல் போனது. ஆனால் எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பவர் பக்கத்தில் வந்தால் போதும், கிடாரின் காந்தச் சுருளில் அந்த மானிட்டர் ‘கொர்ர்’ என்று இரையும். கிடார்காரர் நாற்காலியோடு மெதுவாகத் திரும்பித் திரும்பி, இரைச்சல் குறையும் திசையைத் தேடிப் பிடித்து, அங்கேயே அசையாமல் வாசிப்பார். ஸ்பீக்கரை மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் அதன் காந்தம் திரையின் மூலையை ஊதாவாக்கிவிடும். அதனால் ஸ்பீக்கர் தள்ளியே இருந்தது. இன்று யோசித்தால், அந்தக் காந்தப் பகைதான் ஸ்பீக்கருக்கு நல்ல இடம் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு மானிட்டர் என்பது 1987-லேயே மேக்கின்டாஷ் 2-இல் முடிந்த விஷயம். சாதாரண கம்ப்யூட்டருக்கு அது விண்டோஸ் 98-இல்தான் வாய்த்தது. 1999-இல் மேட்ராக்ஸ் கம்பெனி ஒரே கார்டில் இரண்டு மானிட்டர் மாட்டும் ஜி400-ஐக் கொண்டுவந்தபோது வெளிநாட்டு ஸ்டுடியோக்காரர்கள் அதைத்தான் தேடி வாங்கினார்கள். எங்கள் பக்கத்துக்கு இரண்டாவது மானிட்டர் வந்த வழி வேறு. சிப்காட் கம்பெனி ஆபீஸ்கள் பழைய எல்.சி.டி. மானிட்டர்களைக் கழித்து லாட் லாட்டாகக் காயலான் கடைக்குப் போடத் தொடங்கின. இரும்புக் கம்பி, டிரம், பேலட் கட்டைகளுக்கு நடுவில் அவை அடுக்கிக் கிடக்கும். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரில் எனக்கு அதில் பிடித்த முதல் விஷயம் மின்சாரக் கணக்கு. குழாய் மானிட்டர் ஒன்று நூறு வாட் அளவுக்கு இழுத்தது, எல்.சி.டி. இருபது முப்பதோடு நின்றது. மின்வெட்டு தலைவிரித்தாடிய 2012-இல், ஒரு யு.பி.எஸ். பேட்டரியில் இரண்டு மானிட்டரை வைத்துக்கொண்டு ஒரு பாட்டை முடிக்க முடிந்தது என்றால் அதனால்தான். அறையும் கொதிக்கவில்லை. மே மாசத்தில் டேக் எடுக்கும்போது ஏ.சி.யையும் ஃபேனையும் நிறுத்தியாக வேண்டும் என்பதால், அறைக்குள் எத்தனை வாட் வெப்பம் என்பது பாடுபவரின் பொறுமையைச் சோதிக்கும் விஷயம்.

மூன்றாவதும் வந்தது. அப்போதுதான் அறையின் ஒலி மாறியது.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் கூடம் வைக்கும் பிள்ளைகள் இதைக் கவனிப்பதே இல்லை. இரண்டு ஸ்பீக்கரும் கேட்பவரின் தலையும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். குரல் நடுவிலிருந்து வருவதாகக் காது நம்ப வேண்டுமானால் இரண்டு பக்கத்து ஒலியும் தடையில்லாமல் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். பெரிய கண்ணாடி போன்ற திரைகளை நடுவில் நிறுத்தினால் ஒலி அவற்றில் பட்டுத் திரும்பி, நேர் ஒலிக்குப் பின்னால் கொஞ்சம் தாமதமாக வரும். 34 சென்டிமீட்டர் கூடுதல் தூரம் என்றால் ஒரு மில்லிசெகண்ட் தாமதம். அந்த ஒரு மில்லிசெகண்டில் 500 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலி தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். மேலே 1,500, 2,500 என்று பள்ளங்கள் வரிசையாக விழும். மனிதக் குரலின் உடம்பு அங்கேதான் இருக்கிறது. குரல் மெலிவாக இருக்கிறதே என்று வலதுபக்கத் திரையில் அந்த அலைவரிசைகளை ஈக்யூவில் கூட்டுவோம். மெலிவுக்குக் காரணம் அந்தத் திரையே என்று திரை சொல்லாது.

அதனால் என் மானிட்டர்கள் ஸ்பீக்கரின் வாய்க்குக் கீழே இறங்கி இருக்கின்றன, பின்னால் சாய்ந்து. நடுத்திரை மேசையில் பாதி படுத்தே கிடக்கிறது. மிக்ஸிங் முடியும் தறுவாயில் திரையை அணைத்துவிட்டு ஒருமுறை கேட்பதைப் பல என்ஜினீயர்கள் பழக்கமாக வைத்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான். ஆனால் என் மனசை அதிகம் வாட்டியது காதுக்கு நேரும் குறை அல்ல.

எங்கள் மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் கூத்து இன்னும் விடிய விடிய நடக்கிறது. அந்தப் பாட்டுகளைப் பதிந்து வைக்க ஆசைப்பட்டு வயதான கூத்து வாத்தியார் ஒருவரை அழைத்து வந்தேன். ஹெட்போனை மாட்டி, மைக்கின் முன்னால் நிறுத்திவிட்டு நான் மானிட்டர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அவருக்குத் தெரிந்தது மூன்று கறுப்பு முதுகுகளும் தொங்கும் ஒயர்களும் என் நெற்றியும்தான். கர்ண மோட்சத்தில் இரண்டு விருத்தம் பாடினார். பிறகு ஹெட்போனைக் கழற்றினார்.

“தம்பி, எங்க கூத்துல திரையை ரெண்டு பேர் புடிப்பாங்க. வேஷக்காரன் பின்னால நின்னு பாடுவான். பாடி முடிச்சா திரை வெலகும், சனம் அவன் மூஞ்சிய பாக்கும். உன் திரை எப்ப தம்பி வெலகும்?”

எழுந்து அவரை என் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னேன். பாடியதைப் போட்டுக் காட்டினேன். பச்சை அலைகளை நெடுநேரம் பார்த்தார்.

“இந்தப் பச்சையெல்லாம் நான் பாடுனதா?”

“ஆமாங்க வாத்தியாரே.”

“இங்க ஒண்ணுமே இல்லாம கோடு மட்டும் போவுதே?”

“மூச்சு எடுத்த இடங்க.”

“மூச்சு இல்ல தம்பி. அங்க மிருதங்கம் பேசணும். அவன் பேசி முடிக்கங்காட்டியும் நான் காத்துனு இருந்தேன்.”

மிருதங்கக்காரர் அன்று வரவில்லை. டிராக் டிராக்காகப் பதிவதால் அவரை வேறொரு நாளைக்கு வரச் சொல்லியிருந்தோம். இல்லாத ஆளுக்கு வாத்தியார் இடம் விட்டுப் பாடியிருக்கிறார். நடுத்திரையில் அது வெறும் கோடு. எந்த மென்பொருளும் ஒரு சொடுக்கில் வெட்டி ஒட்டிவிடக்கூடிய காலி இடம். ஐம்பது பேர் கூடியிருந்த கூடத்தில் அந்தக் கோட்டுக்குள் ஓர் ஆள் இருந்திருப்பார்.

அதற்குப் பிறகு செய்த வேலை ஒன்றுண்டு. திரைகள் கூடிப்போனதால் வந்த தூரத்தைக் குறைக்க இன்னொரு திரை வாங்கினேன். நாலாவது மானிட்டர். அது என் பக்கம் பார்க்காமல் பாடுபவரின் பக்கம் பார்க்கிறது. நான் பார்க்கும் டிராக்குகள் அதிலும் ஓடும், பாட்டு வரிகள் பெரிய எழுத்தில் வரும். பிறமொழிப் பாடகர்கள் வரிகளைத் தங்கள் எழுத்தில் எழுதிக்கொண்டு பாடுவது கோடம்பாக்கத்தின் பழைய வழக்கம். எங்கள் ஊரில் அது பாடகர்களின் வழக்கமாக மட்டும் இல்லை, அன்றாடத் தேவை. ஆரம்பாக்கத்துக்கு அடுத்த ரயில் நிலையம் தடா, அங்கே ஆந்திரா தொடங்கிவிடுகிறது. தமிழ் பேசித் தெலுங்கில் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களாக இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ்ப் பாட்டைத் தெலுங்கு எழுத்திலும், தெலுங்கு பஜனையைத் தமிழ் எழுத்திலும் போடுகிறேன். சிப்காட்டில் வேலை பார்க்கும் பீகார்ப் பையன்கள் சட் பூஜைக்குப் போஜ்புரிப் பாட்டுப் பதிய வரும்போது அதே திரையில் இந்தி எழுத்து ஓடுகிறது. என் அண்ணன் மகன்தான் எழுத்து மாற்றிக் கொடுப்பவன். “சித்தப்பா, இந்த ஸ்கிரீனுக்குத்தான் அதிக வேலை” என்கிறான். உண்மைதான்.

தடா பக்கத்திலிருந்து வந்த பஜனைக் குழு ஒன்று, 2023 ஜூலை 14 மதியம் பாடிக்கொண்டிருந்தது. ஊரே சந்திரயான்-3 கிளம்புவதற்காகக் காத்திருந்த நாள். ஸ்ரீஹரிகோட்டா எங்களுக்கு ஆகாய வழியில் முப்பது கிலோமீட்டர் அளவுதான், நடுவில் பழவேற்காடு ஏரி. ரயில் போனால் பதிவை நிறுத்துவோம், லாரி ஏர் ஹாரன் அடித்தால் நிறுத்துவோம், ராக்கெட் போனாலும் நிறுத்தத்தான் வேண்டும். இடதுபக்க மானிட்டரில் நேரடி ஒளிபரப்பைப் போட்டேன். கட்டுப்பாட்டு அறையைக் காட்டினார்கள். வரிசை வரிசையாகத் திரைகள், ஒவ்வொரு திரைக்கும் முன்னால் ஆட்கள். ஒருவர் சொல்ல, இன்னொருவர் சரிபார்க்க, மூன்றாமவர் தலையசைக்க. என் அறையில் இருந்ததைவிடப் பலமடங்கு திரைகள் இருந்தும் யாருடைய நாற்காலியும் அங்கே காலியாக இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மணி 2.35-க்கு எல்லாரும் மொட்டைமாடிக்கு ஓடினோம். நெருப்பு ஏறுவது தெரிந்தது. குழுவிலிருந்த பாட்டி கைகூப்பினார். ஒலிக்கு முப்பது கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய ஒன்றரை நிமிஷம் ஆகும். வெளிச்சம் மேகத்துக்குள் போன பிறகுதான் அந்த அதிர்வு ஏரியைத் தாண்டி நெஞ்சில் வந்து முட்டியது. ஓடிய அவசரத்தில் பதிவை நிறுத்த மறந்து, கீழே மைக் திறந்தே இருந்ததால் அதுவும் பதிவாகியிருக்கிறது. பஜனையின் கடைசி வரிக்குப் பிறகு நீண்ட மௌனம், அதற்கப்புறம் மெல்லத் தடிக்கும் அலை. குழுவினர் அந்தப் பகுதியை வெட்ட வேண்டாம் என்றார்கள். பாட்டின் முடிவில் இப்போதும் அது இருக்கிறது.

கூத்து வாத்தியார் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஒரு நிபந்தனையோடு. மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், முகவீணை எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே அறையில் உட்கார வேண்டும். தனித்தனி டிராக் வேண்டாம். ஒருவர் மைக்கில் இன்னொருவர் சத்தம் கலந்தால் கலக்கட்டும் என்கிறார். அளந்து பார்த்தேன், இடம் போதாது. வலதுபக்க மானிட்டரைக் கழற்றி, அதன் வேலையை அறைக்கு வெளியே ஒரு சின்ன மேசைக்கு மாற்றிவிட்டு, உள்ளே இருக்கும் பெரிய மேசையைக் குறைத்தால் நாலு பேர் சம்மணம் போட்டு உட்காரலாம். ஆடித் திருவிழா தொடங்கிவிட்டால் அவர்கள் யாரும் கையில் கிடைக்க மாட்டார்கள். தச்சரை இந்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.